ஊதா நிற்கும் குடுவை

ஜூன் 4

அண்ணிக்கு,

போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தையும் கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும்.

நேற்றும் பழுப்புதான். நீங்கள் அனுப்பிய அமிலத்தையே எடுத்தேன். உங்கள் கட்டுரையில் இருக்கிறபடியே மாங்கனீசு உப்பைக் கரைத்து, அமிலத்தைச் சேர்த்து, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அழகான ஊதா வந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது, மறைக்க மாட்டேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் கலங்க ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அடியில் சேறு, மேலே வெறும் தண்ணீர். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்றாம் நிலை மாங்கனீசு தண்ணீரில் நிம்மதியாக இருக்காது. எலக்ட்ரானுக்காக ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். எலக்ட்ரானைப் பறிகொடுத்தது நான்காம் நிலைக்குப் போய்ப் பழுப்பு மண்ணாக அடியில் உட்காரும். பிடுங்கிக்கொண்டது இரண்டாம் நிலைக்கு இறங்கி, நிறமே இல்லாமல் தண்ணீரோடு தண்ணீராகிவிடும். இந்தச் சண்டை நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால் மாங்கனீசை இறுகப் பிடித்து வைக்க இன்னொரு பொருள் கூடவே இருக்க வேண்டும். நீங்கள் தயாரித்த அமிலம்தான் அந்தப் பொருள் என்று அண்ணன் பெயரைப் போட்டு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அவன் செத்து நாலு மாதம் கழித்து வந்திருக்கிறது. எழுதியது நீங்கள், அனுப்பியது நீங்கள், முதல் பெயர் மட்டும் அவனுடையது.

இப்போது அந்த அமிலத்தை அவன் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் ஒரு கூட்டத்தில் மேடையிலேயே ஒருவர் அப்படிச் சொன்னார். கைதட்டினார்கள். இன்றைக்குக் கைதட்டுகிறவர்கள் நாளைக்கு ஆளுக்கொரு குடுவையில் செய்து பார்ப்பார்கள். எல்லாருக்கும் சேறுதான் கிடைக்கும். அப்புறம் அவன் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். பதில் சொல்ல அவன் இருக்கிறானா?

கட்டுரையை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த மாதம் முடிந்ததும் பத்திரிகைக்கு நான் எழுதுவேன். அண்ணன் கடைசியாகத் தன் கையால் செய்த குடுவை உங்களிடம் இருக்கிறதாம். இன்னும் ஊதாவாகவே இருக்கிறதாம். அதை எனக்கு அனுப்புங்கள். நான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 11

டாக்டரம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். ‘செத்து’ என்று எழுதியிருக்கிறாய். ‘போய்’ என்று எழுத உன் பேனா வளையவில்லை. சரி, உன் அண்ணன், உன் இஷ்டம்.

உன் கை சரியில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? எங்கள் ஆய்வகத்துக்கு நீ வந்ததே இல்லை. கூப்பிட்ட போதெல்லாம் உனக்கு ஏதாவது ஒரு கூட்டம். வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாய். இரண்டு மேசை, ஒரு தொட்டி, பேருந்துப் பணிமனைச் சுவரைப் பார்க்கிற ஒரே ஜன்னல். குழாயில் வருவது பாதி தண்ணீர், பாதி சுண்ணாம்பு. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி சளி பிடித்தவன் மூக்கு மாதிரி சொட்டிக்கொண்டிருக்கும். அந்த வடிநீர் கரைசல் செய்வதற்கே போதாது. கழுவுவதெல்லாம் குழாய்த் தண்ணீரில்தான். இந்த இடத்தில்தான் உன் அண்ணன் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

நீ கேட்கிற அந்தக் குடுவையில் பெர்மாங்கனேட்டை விட்டது அவர். கை நடுங்கியதால் குடுவையைப் பிடித்துக்கொண்டது நான். ஊதா வந்தது. இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். பாடத்தில் இருக்கிறபடி பழுப்பாகும், கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தோம். ஆகவில்லை. மறுநாள் வந்து பார்த்தோம், அப்போதும் ஆகவில்லை. அவர் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து, குடுவையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்து, “நிக்குதுடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எப்போதும் ஈரக்கையைத் துடைக்காமல் எல்லாவற்றையும் தொடுவாரே, அன்றைக்கும் அப்படித்தான். “கையத் தொடச்சிட்டுத் தொடுங்க” என்று நான் திட்டினேன். அடுத்த வாரம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தக் குடுவை மூடி போட்டபடி அலமாரியில், வெளிச்சம் படாத மூலையில் இருக்கிறது. இன்றைக்கும் ஊதாதான். தரமாட்டேன். சோதிப்பது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அமிலத்தை ஊற்றிக் கொதிக்க வைப்பாய். ஊதா போய்விடும். நீ ஏதோ ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்வாய். எனக்குக் கழுவுவதற்கு ஒரு காலிக் குடுவை மிஞ்சும்.

நீ சோதனை போடுவது எனக்கென்ன புதிதா? அந்த வீட்டுக்கு நான் வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? நான் கழுவி வைத்த கண்ணாடித் தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். “என்ன அண்ணி, வெள்ளை வெள்ளையா திட்டு திட்டா இருக்கு? உங்க வீட்டுல இதுலதான் தண்ணி குடிப்பீங்களா?” என்றாய். உன் அம்மா சிரித்தார். உன் அண்ணனும் சிரித்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் கழுவிய கண்ணாடியில் ஒரு புள்ளியை எவரும் பார்த்ததில்லை. இப்போது அவர் குடுவையைத் தூக்கிப் பார்க்க வருகிறாய்.

பத்திரிகைக்கு எழுதுவதாக இருந்தால் எழுது. உன் அண்ணனைப் பொய்யன் என்று உன் கையெழுத்தில் எழுது. அதையும் பார்த்துவிடுகிறேன்.

உன் அண்ணி

ஜூன் 17

அண்ணிக்கு,

மாங்கனீசைப் பற்றிக் கேட்டால் தம்ளரைப் பற்றிப் பதில் எழுதுகிறீர்கள். அப்போது நான் பள்ளிக்கூடம் முடித்த வாயாடி. அன்றைக்குப் பேசியதை இத்தனை வருஷம் மடியில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் ஞாபகசக்திக்குக் கும்பிடு போடுகிறேன். அதில் பாதியை வேலையில் காட்டியிருக்கலாம்.

என் கை சரியில்லை என்கிறீர்கள். என் மாணவியை விட்டுச் செய்யச் சொன்னேன். பழுப்பு. எதிர் அறைக்காரர் என்னை நம்பாமல் அவரே செய்தார். பழுப்பு. இங்கே ஒவ்வொரு குடுவையையும் அமிலத்தில் ஊறப்போட்டு, வடிநீரில் பல தடவை அலசி, சூட்டடுப்பில் உலர்த்தித்தான் மேசைக்குக் கொண்டுவருவோம். சூட்டைக் குறைத்துப் பார்த்தேன், இருட்டில் வைத்துப் பார்த்தேன், காற்றுப் படாமல் செய்து பார்த்தேன். உங்கள் கையில் மட்டும் நிற்கிறது, ஊரில் யார் கையிலும் நிற்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று என் மாணவி கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அவனை இங்கே அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். இங்கே நல்ல ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டரிடம் பேசி வைத்திருந்தேன், கட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் அவனைத் தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்துக் கடைசிவரை வேலை வாங்கினீர்கள். எதற்கு? அடியில் சேறாகிற ஒரு கரைசலுக்கு.

சரி, அவன் குடுவையைத் தர மனமில்லை என்றால் நீங்களே புதிதாக ஒன்று செய்யுங்கள். அதே அமிலம், அதே மேசை, அதே கை. ஒரு புட்டியில் ஊற்றி மூடி அனுப்புங்கள். வழியிலேயே பழுப்பாகிவிட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஊதாவாகவே வந்து சேர்ந்தால் என் காதைப் பிடித்துக்கொள்கிறேன்.

நாத்தனார்

ஜூன் 23

டாக்டரம்மாவுக்கு,

செய்தேன். நின்றது. இத்துடன் புட்டி வருகிறது. மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், உடைத்துக்கொள். காதைப் பிடித்துக்கொள்ளும்போது இரண்டு கையாலும் பிடி.

அவரை நான் பூட்டி வைக்கவில்லை. நீ பேசி வைத்த டாக்டர் எழுதியதை உன் அண்ணனே படித்துப் பார்த்தார். “அங்க போனா கூரையப் பாத்துட்டுக் கெடக்கணும். இங்கன்னா குடுவையப் பாத்துட்டு இருப்பேன்” என்றார். வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் ஒரு நாள் செருப்பை ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். பின்னாலேயே செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரை நிறுத்தி வைக்க உன்னால் முடிந்திருக்கும் என்றால் வந்து நிறுத்தியிருக்க வேண்டியதுதானே.

படுத்த பிறகு உன்னைத்தான் கேட்டார். கதவு சத்தம் கேட்டாலே, “வாலு வந்துச்சா?” என்பார். உன் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பட்டப்பெயரைத்தான் சொன்னார். “வந்துட்டே இருக்காங்க” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். வேறு எதிலும் நான் பொய் சொன்னதில்லை.

அண்ணி

ஜூலை 1

கட்டுரையின் இரண்டாம் ஆசிரியருக்கு,

புட்டி வந்தது. ஊதாவாகவே வந்தது. மெழுகை உடைத்து ஒரு பங்கைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசையில் வைத்தேன். அன்றும் மறுநாளும் அப்படியே நின்றது. என் மாணவி என் முகத்தைப் பார்த்தாள். நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் ஜெயித்துவிட்டான், நான்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதை இப்போது கிழித்தாகிவிட்டது.

ஏனென்றால், அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்தேன். மூன்றாம் நிலை மாங்கனீசைத் தண்ணீரில் பிடித்து வைக்கிற பொருள் ஒன்று நம் எல்லாருக்கும் தெரியும். கல்லூரிப் பாடத்திலேயே இருக்கிறது. பைரோபாஸ்பேட். அதைச் சேர்த்தால் எவன் செய்தாலும் ஊதா நிற்கும், அதற்குப் புது அமிலமும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். உங்கள் கரைசலை அமிலம் விட்டுக் கொதிக்க வைத்து, மாலிப்டேட்டைச் சேர்த்துச் சூடாக்கினேன். பாஸ்பேட் இருந்தால் மஞ்சள் வர வேண்டும். வந்தது. முட்டைக்கரு மாதிரி மஞ்சள். நம்பாமல் திரும்பவும் செய்தேன், திரும்பவும் மஞ்சள். உங்கள் அமிலத்தில் பாஸ்பரஸ் என்பது மருந்துக்கும் கிடையாது. உப்பிலும் கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது?

என் கண்ணில் மண்ணைத் தூவ அனுப்பிய புட்டி இது. அதையும் “வேறு எதிலும் நான் பொய் சொன்னதில்லை” என்ற வரியோடு அனுப்பியிருக்கிறீர்கள். ‘வாலு வந்துச்சா’ என்று எழுதி என்னை அழவைத்துவிட்டு, அழுகிறவள் சோதித்துப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தீர்களா?

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இதை அவன் போன பிறகு நீங்களாகச் செய்தீர்களா, இல்லை அவன் இருக்கும்போதே இரண்டு பேரும் சேர்ந்து செய்தீர்களா? அவன் குடுவையை அனுப்புங்கள். அதில் பாஸ்பேட் இல்லையென்றால் அவன் கையில் ஏதோ நிஜமாகவே நின்றிருக்கிறது, அவன் பெயர் தப்பிக்கும், உங்கள் பெயர் மட்டும் போகும். இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. பத்திரிகைக்கான கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உறையை இன்னும் ஒட்டவில்லை.

இதற்கு மேல் என்னை நாத்தனார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஜூலை 6

நான் எதையும் கலக்கவில்லை. அவரும் கலக்கவில்லை. உன் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

திருடி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல நீ ஒருத்தி இருந்தாய். உறையை ஒட்டிக்கொள்.

ஜூலை 9

வாலு,

இந்தப் பெயரால்தான் இன்றைக்கு உன்னைக் கூப்பிட வேண்டும். டாக்டரம்மாவுக்கு இதில் வேலை இல்லை.

கோபம் வந்தால் நான் கழுவுவேன். வீட்டிலும் அப்படித்தான், ஆய்வகத்திலும் அப்படித்தான். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அலமாரியில் இருந்த சுத்தமான குடுவைகளையெல்லாம் இறக்கி வைத்துக் கழுவ ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகத் தேய்ப்பதும் உன்னைத் திட்டுவதுமாக இருந்தேன். தேய்த்து முடித்து, பக்கத்து வாளியில் கடைசித் தண்ணீர் பிடித்து, மேல்தட்டில் இருக்கிற டப்பாவுக்குக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அது என்ன டப்பா என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை மென்மையாக்குகிற தூள். உங்கள் வீட்டில் அதற்குக் கறைத்தூள் என்று பெயர். தம்ளரைத் தூக்கிப் பார்த்து என்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைத்த மறுநாள், நீயே என் கையைப் பிடித்துச் சமையலறைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். “கடைசித் தண்ணியில ஒரு கரண்டி கறைத்தூளப் போட்டு முக்கி எடுத்துக் கவுத்து வச்சுடுங்க அண்ணி. அப்புறம் அலசிடாதீங்க. அலசுனா மறுபடியும் வெள்ளை வந்துரும்” என்றாய். பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய். நான் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என் கைக்கு வந்த எந்தக் கண்ணாடியும் அந்தத் தூளில் முங்காமல் வெளியே போனதில்லை. வீட்டுத் தம்ளரும் சரி, ஆய்வகக் குடுவையும் சரி. உன் அண்ணன் பார்த்துச் சிரிப்பார். “எங்க வீட்டு மருமக ஆயிட்ட” என்பார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

டப்பாவை இறக்கிப் பின்பக்கம் பார்த்தேன். பொடி எழுத்தில் இருக்கிறது, பைரோபாஸ்பேட். சுண்ணாம்பைப் பிடித்து வைக்கிற பொருள் மாங்கனீசையும் பிடித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அது பாடம், இது பாத்திரம். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. எங்கள் கரைசலோ நிறம் தெரிகிற அளவுக்கு மட்டுமே மாங்கனீசு உள்ள கரைசல். குடுவையின் உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த தூளே அதற்குப் போதும்.

ஒரு குடுவையை மட்டும் உன் முறைப்படி அமிலத்தில் ஊறப்போட்டு, சேர்த்து வைத்திருந்த வடிநீரையெல்லாம் ஊற்றி அலசினேன். அதில் செய்தேன். என் கண் முன்னாலேயே கலங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து, அடியில் சேறு சேர்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லாதது நல்லது என்று முதல் தடவையாக நினைத்தேன். நினைத்ததற்கு அழுதேன். அதையும் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரிடம் சொல்ல?

அமிலம் எதையும் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைத்தது உங்கள் வீட்டுக் கறைத்தூள். நீ படித்து, வடிநீர் குழாயில் கொட்டுகிற இடத்துக்குப் போய்விட்டாய், அதை மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா நீ சொல்லிக் கொடுத்தாய்?

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், குடுவைகளைக் கழுவிய இரண்டாம் ஆசிரியரின் தவறு, முதல் ஆசிரியருக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவர் கடைசிக் குடுவையைக் கழுவிக் கொடுத்ததும் நான்தான்.

அந்தக் குடுவையை அனுப்புகிறேன். எங்கள் கல்லூரி வண்டி உங்கள் பக்கம் வருகிறது. ஓட்டுநரிடம் கொடுத்து, போர்வையைச் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீ கொதிக்க வைத்தால் மஞ்சள்தான் வரும். அந்த மஞ்சள் அவர் கலந்ததா, நான் கழுவியதா என்று உன் மாலிப்டேட் சொல்லாது. என் வார்த்தையை நீ நம்பினால் சோதிக்கத் தேவையில்லை. நம்பாவிட்டால் சோதித்தும் பிரயோஜனமில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். கேட்டுக்கொண்டே இருந்தாயே, எடுத்துக்கொள்.

அண்ணி

ஜூலை 20

அண்ணிக்கு,

ஓட்டுநர் குடுவையைக் கொண்டுவந்து கொடுத்தார். “ஒடஞ்சா உயிரே போயிடும்னு சொன்னாங்கம்மா. யார் உயிருன்னு கேக்கல, பயந்துட்டு மெதுவா வந்தேன்” என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

கடைக்குப் போய்க் கறைத்தூள் ஒரு டப்பா வாங்கி வந்தேன். அதே டப்பா, அட்டையில் இருக்கிற படம்தான் மாறியிருக்கிறது. ஆய்வகத் தொட்டியில் வாளியை வைத்துக் கரைத்து, ஒரு குடுவையை முக்கி எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். என் கை அதை மறக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா மாதிரியே கடைசியில் ஒரு உதறு உதறுகிறது. காய்ந்த பிறகு அதில் செய்தேன். ஊதா வந்தது, நின்றது. இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

என் மாணவி, “இதுல புதுசா என்ன போட்டீங்க மேடம்?” என்று கேட்டாள்.

“ஒன்னும் போடல. எங்க வீட்டு மாதிரி கழுவுனேன்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கறைத்தூள் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மாங்கனீசைக் கேட்டால் தம்ளரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று உங்கள்மேல் எகிறினேன். பதில் அந்தத் தம்ளரில்தான் இருந்திருக்கிறது. அதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. வேறு ஒரு ஆய்வகத்தில், வேறு குடுவையில் ஒரு தடவை செய்து பார்க்காமல் கட்டுரை அனுப்பியது உங்கள் அவசரம். அவன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற அவசரம். அதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை.

திருடி என்று நான் எழுதவில்லை, ஆனால் அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பத்திரிகைக்கு நீங்கள் அனுப்பியதை வாங்கிப் படித்தேன். கழுவியவரின் தவறு என்று இருக்கிறது. கழுவக் கற்றுக்கொடுத்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தயவு எனக்கு வேண்டாம், அண்ணி. நானும் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அந்தக் கழுவும் முறை முதல் ஆசிரியரின் பிறந்த வீட்டில் வழக்கமானது, அங்கிருந்து வந்தது என்று. கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். எல்லாரும் சிரிக்கட்டும். சிரிப்பதாக இருந்தால் மூன்று பேரையும் சேர்த்துச் சிரிக்கட்டும், அவனை மட்டும் தனியாக நிற்கவைத்துச் சிரிக்க வேண்டாம். பழைய கடிதத்தை உறையோடு கிழித்துவிட்டேன்.

அவன் குடுவையைத் திருப்பி அனுப்புகிறேன். அதே ஓட்டுநர், அதே போர்வை. மூடியைத் திறக்கவில்லை. ஊதா அப்படியே இருக்கிறது, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

போர்வையைப் பிரித்ததும் பழைய புத்தி போகாமல் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒரு புள்ளியை விட்டு வைக்காத அண்ணி இதை எப்படி விட்டார் என்று துணியை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது திட்டு இல்லை, விரல்கள். கழுத்தைச் சுற்றி நாலு விரல், எதிர்ப்பக்கம் கட்டைவிரல். சுண்ணாம்புக் குழாயில் கழுவிய கையைத் துடைக்காமல் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

நானும் துடைக்கவில்லை.

வாலு